மூக்கு இறங்காத படகு

உம்மா இறந்த செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. நான் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் என் படகின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். மாலேயிலிருந்து எங்கள் ஹிலதூ தீவுக்கு ஓடுகிற ஸ்பீட்போட்டுகளில் எது வேகம் என்று யாரைக் கேட்டாலும் என் படகைத்தான் காட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்து அது கரையில் ஆறு டிரம் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, எஞ்சின் இரண்டும் கழற்றிய நிலையில்.

தங்கை ஷீஸா போனில் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"பத்தரைக்கு மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகையோட அடக்கம். மூணேகாலுக்குக் கபன் துணிக்கு முடிச்சுப் போட்டுருவோம். அதுக்கப்புறம் முகம் பாக்க முடியாது, சொல்லிட்டேன்."

"நான் கிளம்பிட்டேன் ஷீஸா. கொஞ்சம் முன்னபின்ன ஆனா நிறுத்தி வை."

"நிறுத்தக் கூடாதுன்னு உம்மாவே சொல்லியிருக்கு. 'போட்டுல வர்ற எவனுக்காகவும் என்னைக் காக்க வைக்காதீங்க, உசுரோட இருந்தப்ப காத்தது போதும்'னு. போன வாரம்தான் சொல்லிச்சு. நான் என்ன பண்ண?"

போட்டில் வருகிற எவனும் என்றால் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் பாசி படிந்த கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காலை ஃபெர்ரி போயிருந்தது. அடுத்தது நாலு மணிக்கு. தெரிந்த கேப்டன்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். எல்லோரும் கடலில். அப்போதுதான் நஹூலா கூப்பிட்டாள்.

"ரஃபீயு ஒரு மணிக்கு எடுக்குறான். ஊர்க்காரங்க இருபது பேர் வர்றாங்க. உனக்கு இடம் வச்சிருக்கேன், ரோஷம் பாக்காம வந்து சேரு."

நஹூலா என் பழைய பெண்சாதி. எங்களுக்குத் தலாக் ஆகி ஏழு வருஷம். அவளுக்கும் ரஃபீயுவுக்கும் நிக்காஹ் ஆகி ஐந்து. எங்கள் பக்கம் இதையெல்லாம் யாரும் தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். ஆனால் ரஃபீயு ஒரு கேப்டன் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெள்ளைக்காரர்களை ஆழமில்லாத களப்புத் தண்ணீரில் மணல் திட்டு மணல் திட்டாக இறக்கி, குடை நட்டு, தர்பூசணி வெட்டிக் கொடுத்துவிட்டு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருகிறவன். அதற்குப் பெயர் கேப்டனாம்.

ஒன்று பத்துக்குக் கயிற்றை அவிழ்த்தான். அதற்குள் நான் பன்னிரண்டு முறை மணி பார்த்துவிட்டேன்.

எங்கள் படகுகளில் முன்வரிசை இளவட்டங்களுக்கு, பின்வரிசை மரியாதைக்கு. அலையில் முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். பெரியவர்களை அங்கே உட்கார வைப்பது மரியாதை இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மரியாதைக்காரர்கள். ஊரின் பழைய கத்தீப், அதாவது அந்தக் காலத்துத் தீவுத் தலைவர், நடு நாயகமாகக் கடைசி வரிசையில். சுற்றிலும் அவர் வயதுக்காரர்கள், அவர்கள் பெண்சாதிகள். அதுபோதாதென்று மரண வீட்டுக்கு வாங்கிய அரிசி மூட்டை, வெங்காயம், ஜூஸ் பெட்டிகள், தண்ணீர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் நனையக் கூடாதென்று பின்னாலேயே அடுக்கியிருந்தார்கள். முன்பக்கத்தில் நானும் காலி இருக்கைகளும்.

துறைமுக வாயைத் தாண்டியதும் ரஃபீயு வேகத்தைக் கூட்டினான். படகு மூக்கைத் தூக்கியது. தூக்கியது, தூக்கியபடியே நின்றது. எதிரே கடல் தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு என் உயிர் இதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீட்போட் தண்ணீருக்குள் உழுதுகொண்டு போகிற வண்டி இல்லை, தண்ணீர்மேல் ஏறிப் போகிற வண்டி. கிளம்பும்போது டிரிம் பொத்தானை அழுத்தி, விசிறி மாட்டிய எஞ்சின் காலை முழுக்க உள்ளே மடக்கி இறக்க வேண்டும். அப்போது விசிறி பின்பக்கத்தை உந்தித் தூக்கும், மூக்கு தாழும், படகு தான் கிளப்பிய அலையைத் தானே தாண்டி மட்டமாகும். அதைத்தான் நாங்கள் ஏறிவிட்டது என்போம். ஏறிய பிறகு காலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் படகு லேசாகி, அதே பெட்ரோலில் இரண்டு மடங்கு ஓடும். ஏறாத படகு ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்தை ஏறிய படகு அரை மணிக்குள் போகும்.

இது ஏறவில்லை. பதினோரு நாட் வேகத்தில் பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. முப்பத்தெட்டு மைல். நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். போய்ச் சேரும்போது நாலரை மணி. இன்னொரு முறை வகுத்தேன். அதே நாலரை.

இரண்டு எஞ்சின்களும் அடித்தொண்டையில் உறுமின. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து பின்னால் போய், கத்தீபின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எஞ்சின் கால்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. களப்பு ஓட்டுகிறவன் பழக்கம். அங்கே முழங்கால் தண்ணீர், அடியில் பவளப்பாறை. காலைப் பாதி தூக்கியே வைத்திருப்பான். பத்து வெள்ளைக்காரர்களோடு லேசான படகு எப்படி வைத்தாலும் ஏறிவிடும். ஐந்து வருஷமாக அவனுக்கு அந்தப் பொத்தானை முழுக்க அழுத்த வேண்டிய தேவையே வந்திருக்காது.

"என்ன தம்பி, வாந்தி வருதா?" என்றார் கத்தீப்.

"இல்ல மாமா. பாத்தேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் ஒரு கேப்டன் இன்னொரு கேப்டனின் படகில் ஏறினால் பயணிதான். வாயைத் திறக்கக் கூடாது, ஸ்டீரிங் பக்கம் போகக் கூடாது. என் படகில் எவனாவது யோசனை சொன்னால் அடுத்த தீவில் இறக்கி விட்டுவிடுவேன். இரண்டு பேரை இறக்கியும் இருக்கிறேன். அதிலும் இவனிடம் போய், என் பெண்சாதியாக இருந்தவளுடைய புருஷனிடம் போய், உனக்குப் படகு ஓட்டத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மணி ஒன்று முப்பது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், படகைக் கரையேற்றும் முன் ஓடிய கடைசி ஓட்டத்தில், உம்மாவைக் கடைசியாகப் பார்த்தது எங்கள் தீவின் ஜெட்டியில். பார்த்தேன் என்பதுகூடப் பொய். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போகிறேன். ஆள் இறக்குவேன், ஆள் ஏற்றுவேன், எஞ்சினை அணைக்க மாட்டேன். உம்மா ரொட்டியும், தேங்காய்ப்பூவில் பிசைந்த மாசிக் கருவாடும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். "ஒரு நிமிஷம் இறங்கி உக்காந்துட்டுப் போயேன்டா" என்று கேட்கும். "அடுத்த தடவை உம்மா." அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். படகு நகர்ந்தபோது உம்மா விளிம்பைப் பிடித்த கையை எடுக்காமல் ஜெட்டி முடிகிற வரைக்கும் கூடவே நடந்து வந்தது. கையை எடு உம்மா, விழுந்துருவ என்று நான் திட்டினேன். ரொட்டியைத் துறைமுக வாய் தாண்டும் முன்னே தின்று முடித்துவிட்டேன்.

நஹூலா தள்ளாடிக்கொண்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் காலு தரையில நிக்கல. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஏழு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். சோறு தின்னும்போதுகூட சாவியைக் கையில வச்சிருந்த ஆளு நீ. ஆனா இது அந்த ஆட்டம் இல்ல. எஞ்சின்ல ஏதோ இருக்கு, அதானே?"

நான் ரஃபீயுவின் முதுகைப் பார்த்தேன். "இப்படியே போனா நாலரைக்குத்தான் போவோம்."

அவள் முகம் மாறியது. என் உம்மாவை என்னைவிட அதிகமாகப் பார்த்தவள் அவள். தலாக் ஆன பிறகும் ஒவ்வொரு பெருநாளுக்கும் போய், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வருவாள். அவளுக்கும் அந்த முகம் வேண்டும்.

"ஏன்? என்ன தப்பு?"

"டிரிம் பாதி தூக்கியிருக்கு. பாரம் பூராவும் பின்னால. மூக்கு எப்படி இறங்கும்?"

"இதைச் சொல்றதுக்கு இருபது நிமிஷமா உனக்கு?"

அவள் எழுந்து போய் ரஃபீயுவிடம் சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்து எழுப்பி, அவன் இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். "உன் வாயால சொல்லு" என்றாள்.

ரஃபீயு திரும்பவில்லை. "என்ன கேப்டன்?"

"கால் வெளிய இருக்கு."

"எந்தக் காலு?"

"உன் எஞ்சின் காலு. ரெண்டும். முழுசா இறக்கு."

"இறக்கித்தான் வச்சிருக்கேன்." அவன் முன்னாலிருந்த டிரிம் மீட்டரைக் காட்டினான். ஊசி அடியில் படுத்திருந்தது.

"அந்த ஊசி எத்தனை வருஷமா அங்கேயே படுத்திருக்கு?"

அவன் காது சிவந்தது. பிறகு சொன்னான்: "பாரம் ஜாஸ்தி ஷகீப். இன்னும் முறுக்கினா தூக்கித் தூக்கிப் போடும். உன் போட்டுல இருந்து எறங்குறவன் எல்லாம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்குறான், ஊருக்கே தெரியும். உனக்கு அவசரம். எனக்குப் பின்னால இருபது முதுகு இருக்கு."

அது உண்மைதான். எனக்குச் சுருக்கென்று பட்டது. அந்த உண்மையைக் கேட்கிற நேரம் அது இல்லை.

"ஏறிட்டா போடாது. ஏறாமப் போறதுதான் அவங்களை இந்தப் பாடு படுத்துது. ரஃபீயு, எங்க உம்மா முகம்டா. மூணேகாலுக்குக் கட்டிருவாங்க."

என் குரல் உடைந்ததை நானே கேட்டேன். அவனும் கேட்டான். ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, மீட்டருக்குக் கீழே இருந்த இரண்டு டிரிம் பொத்தான்களைக் காட்டினான்.

"பொத்தானை நீ பாரு. ஸ்டீரிங்கும் வேகமும் என்கிட்டதான். தொட்ட, கடல்ல தள்ளிருவேன்."

"சரி."

"அந்தப் பாரத்தை என்ன பண்றது?"

அதற்குள் நஹூலா பின்வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். "கத்தீப் மாமா, எல்லாரும் எந்திரிச்சு முன்னால வாங்க."

"என்னம்மா வெளையாடுறியா. எனக்கு ரெண்டு எலும்பு தேஞ்சு போயிருக்கு. முன்னால உக்காந்தா மய்யித்து ரெண்டாயிரும்."

"பின்னால உக்காந்திருந்தா மய்யித்தைப் பாக்கவே முடியாது. அடக்கம் பண்ணின பிறகு போய் அரிசி மூட்டையைக் குடுத்துட்டு வரப்போறீங்களா?"

"மரியாதை தெரியாம..." என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

"மரியாதையைத் தூக்கிக்கிட்டு முன்னால வாங்க, அங்கேயும் தர்றேன்." அவள் இரண்டு ஜூஸ் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். கத்தீபின் மனைவி முதலில் எழுந்தது. "வாய் பேசுற நேரத்துக்கு நடந்தா என்ன" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெங்காயப் பையை எடுத்தது. பெண்கள் எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்த பிறகு ஆண்கள் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டார்கள். முனகிக்கொண்டே வந்தார்கள். கத்தீப் என்னைத் தாண்டும்போது "என் எலும்புக்கு நீதான் ஜவாப்" என்றார்.

ரஃபீயு வேகத்தைக் குறைத்துப் படகை நிறுத்தினான். நான் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தேன். மோட்டார் முனகியது, கால்கள் மடங்கி மடங்கி, அதற்கு மேல் போக முடியாமல் டொக் என்று நின்றன.

"இப்ப குடு. தயங்காம."

கொடுத்தான். மூக்கு எழுந்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தூக்கியதுபோல் படகு முன்னால் சாய்ந்தது, மூக்கு இறங்கியது, வானம் போய்க் கடல் வந்தது. பதினாலு. பதினெட்டு. எஞ்சின் உறுமல் சீட்டியாக மாறியது.

"ஏறிடுச்சு" என்றான் ரஃபீயு, யாரோ அவனிடம் சொன்ன செய்தி மாதிரி.

"இன்னும் முடியல. ஸ்டீரிங் கனமா இருக்கா?"

"இழுக்குது."

ஒரு தட்டு தட்டினேன். கால் நூலளவு வெளியே போனது. இன்னொரு தட்டு. "இப்ப?"

"லேசாகுது."

இருபத்திரண்டு. இன்னொரு தட்டு. முன்னால் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் நடுப்பகுதிக்கு நகர்ந்தது, தெறிப்பு குறைந்தது. பேராசைப்பட்டு இன்னும் ஒரு தட்டுத் தட்டினேன். மூக்கு துள்ள ஆரம்பித்தது, கத்தீப் அல்லாஹ்வைக் கூப்பிட்டார். பாதித் தட்டு உள்ளே இறக்கினேன். துள்ளல் நின்றது. இருபத்தைந்து.

மணி ஒன்று ஐம்பது. முப்பத்தோரு மைல் பாக்கி. ஒன்றேகால் மணி நேரம்.

அந்த ஒன்றேகால் மணி நேரமும் நாங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம், அவன் ஸ்டீரிங்கில், நான் பொத்தானில். அலை எதிரே வந்தால் அவன் "வருது" என்பான், நான் ஒரு தட்டு உள்ளே இறக்குவேன். பக்கவாட்டில் வந்தால் வெளியே. அதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. நான் வகுப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் மைலையும் மணியையும் வைத்து வகுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் விடை ஒரே இடத்தில் முட்டியது: தீவின் வெளிப்பாறைக்கு மூன்று மணி, அங்கிருந்து சுற்றிக்கொண்டு வடக்கே துறைமுக வாய்க்கு இருபது நிமிஷம். மூன்று இருபது. ஐந்து நிமிஷம் தாமதம். உம்மா ஐந்து நிமிஷம் காத்திருக்காது. அது கேட்ட ஒரு நிமிஷத்தைக்கூட நான் கொடுக்கவில்லை. அது எனக்கு ஏன் ஐந்து கொடுக்க வேண்டும்?

தீவின் தென்னை உச்சிகள் தெரிந்தபோது ஷீஸாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

"வடக்கால சுத்து" என்றேன். "நேரா வாய்க்குப் போ."

ரஃபீயு சுற்றவில்லை. நேராகத் தீவைப் பார்த்தே விட்டான். எதிரே பாறைத்தட்டு, வெளிர் பச்சைத் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் தெருக்கோடி மணல்.

"பைத்தியமா உனக்கு? தண்ணி வத்துற நேரம்டா இது. ரெண்டு அடித் தண்ணிகூட இல்ல."

"தெரியும்."

"எஞ்சின் காலை ஒடச்சுப்புடுவ."

"கையை எடு கேப்டன்." அவன் என் கையைப் பொத்தானிலிருந்து தட்டிவிட்டான். "இது என் இடம்."

அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் படகு உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தால் பாறையில் இடிக்கும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் செய்திருக்க மாட்டேன். பொத்தானை அழுத்தி, ஐந்து வருஷமாக அவன் வைத்திருக்கிற அதே பாதி உயரத்துக்குக் காலைத் தூக்கினான். மீட்டரைப் பார்க்கவில்லை, உதட்டுக்குள் மூன்று எண்ணினான், அவ்வளவுதான். எஞ்சின் கத்தியது. மூக்கு துள்ளியது. அடியில் பழுப்புப் பவளத் திட்டுகள் கைக்கெட்டுகிற ஆழத்தில் ஓடின. அவன் அவற்றுக்கு நடுவே தன் வீட்டு இருட்டில் நடக்கிறவன்போல் இடமும் வலமுமாக ஒடித்து ஒடித்துப் போனான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபது வருஷம் படகு ஓட்டுகிறவன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூடிக்கொண்டேன்.

மணல் உரசுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். மூன்று மணி இரண்டு நிமிஷம். முட்டித் தண்ணீரில் குதித்து ஓடினேன்.

வீட்டு முற்றம் முழுக்க ஆட்கள். வழி விட்டார்கள். உள்ளே ஷீஸா உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் கபன் சுற்றியாகிவிட்டது. தலைப்பக்கம் கட்டுவதற்குக் கிழித்த துணிநாடா அவள் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும்தான் அவள் அழுதாள்.

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. தூங்குகிறது என்று சொல்ல மாட்டேன். தூங்கும்போது உம்மா வாயைத் திறந்திருக்கும். இது மூடியிருந்தது, எனக்குச் சொல்ல அதனிடம் இனி ஒன்றும் இல்லாததுபோல்.

பதினோரு நாட் வேகத்தில் நான் கேட்டது இதைத்தான். இருபத்தைந்தில் கேட்டதும் இதைத்தான். கிடைத்துவிட்டது. கிடைத்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, என் கால் வாசல் பக்கம் திரும்பியது.

"தண்ணி வத்துது" என்றேன் ஷீஸாவிடம். "போட்டு மணல்ல உக்காந்துரும். ரஃபீயு தனியா தள்ள முடியாது. நான் போய் ஒரு கை குடுத்துட்டு இதோ..."

வாசலில் நஹூலா நின்றாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவளும் ஓடித்தான் வந்திருந்தாள். என்னைத் தாண்டி உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எஞ்சினை அணைச்சாச்சு. போட்டு மணல்லயே கிடக்கட்டும்னு சொல்லிட்டான். அடுத்த தண்ணி ஏத்தத்துலதான் எடுக்கப்போறான். நீ உக்காரு."

மூன்று ஐந்து. பத்து நிமிஷம் இருந்தது.

உட்கார்ந்தேன். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தக் கை கபனுக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஷீஸாவைக் கேட்டேன். அவள் காட்டினாள். துணியோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டு, அவள் நாடாவைக் கையில் எடுக்கிற வரைக்கும் நான் மணி பார்க்கவில்லை.